பாலிமர் மின்பகுளியை இழுத்தால் கடத்துதிறன் நிஜமாகவே கூடுகிறதா?

கேள்வி இதுதான். பேட்டரியின் இரு மின்முனைகளுக்கு நடுவே அயனிகளைக் கடத்தும் திட மின்பகுளி இது: பாலிஎத்திலீன் ஆக்சைடு என்னும் பாலிமரில் லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. உப்பைச் சேர்த்து, பாலிமரின் 20 ஆக்ஸிஜனுக்கு 1 லித்தியம் (20:1) என்ற விகிதத்தில் வார்த்த படலம். அறை வெப்பநிலையில் அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தாயிற்று. தடிமன் திசையில் கடத்துதிறன் 40 விழுக்காடு கூடியதாகத் தெரிகிறது. நீளவாக்கில், இரு முனைகளிலும் கவ்விய மின்முனைகளுக்கு இடையே மின்தடை நான்கு மடங்காகிவிட்டது. அப்படியானால் அயனிகள் தடிமன் வழியே வேகமாகவும் நீளவாக்கில் மெதுவாகவும் ஓடுகின்றனவா? சங்கிலிகள் நேராகும் திசையில்தானே வேகம் கூட வேண்டும்?

இந்த இரண்டு எண்களிலும் அயனியைப் பற்றிய சேதி எதுவும் இல்லை. இரண்டுமே படலத்தின் வடிவம் மாறியதால் வந்தவை. குறுகிய பட்டையை ஒரே திசையில் இழுக்கிறோம், கன அளவு மாறவில்லை என்று கொள்ளுங்கள். நீளம் 2 மடங்காகும்போது அகலமும் தடிமனும் தலா 0.71 மடங்காகச் சுருங்கும். 100 மைக்ரான் படலம் 71 மைக்ரான் ஆகிவிடும். கணக்கில் பழைய 100ஐயே போட்டால் கடத்துதிறன் 41 விழுக்காடு ஏறியதாகத்தான் காட்டும். நீளவாக்கில் பாதை 2 மடங்கு, குறுக்குப் பரப்பு பாதி. ஆகவே மின்தடை நீட்சி விகிதத்தின் வர்க்கமாக, அதாவது 4 மடங்காக ஏறும். கடத்துதிறன் இம்மியும் மாறாவிட்டாலும் இதே எண்கள்தான் வரும்.

கவ்வும் விதத்தைப் பொறுத்து இந்தத் திருத்தம் மாறும். அகலமான, நீளம் குறைந்த படலத்தை இழுத்தால் பக்கவாட்டில் சுருங்க வழியில்லை. சுருக்கம் முழுவதும் தடிமனில் விழும். 2 மடங்கு இழுத்தால் தடிமன் பாதியாகும், திருத்தாத கணக்கு கடத்துதிறன் இரட்டித்ததாகச் சொல்லும். மாறாக, இழுத்து முடித்த பட்டையின் மேல் 2 மி.மீ. இடைவெளியுள்ள நிலையான மின்முனைகளை வைத்து நீளவாக்கில் அளந்தால், பாதை நீளம் மாறவில்லை, குறுக்குப் பரப்பு மட்டும் பாதியாகிறது. மின்தடை 2 மடங்குதான் ஏறும். எந்த அமைப்பில் அளந்தது என்று சொல்லாமல் மின்தடை ஏறியது, இறங்கியது என்று மட்டும் எழுதினால் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கழுத்து விழுவதைத் தனியாகக் கவனியுங்கள். பாலிஎத்திலீன் ஆக்சைடு பாதி படிகமான பொருள். பத்து விழுக்காடு நீள்வதற்குள்ளேயே நெகிழ்ந்து, ஏதோ ஓர் இடத்தில் சட்டென்று மெலிந்து, அந்த மெலிவு இரு பக்கமும் பரவத் தொடங்கும். கவ்விகளின் இடைவெளி 2 மடங்கு என்று காட்டும் நேரத்தில் பட்டையின் ஒரு பாதி 3 மடங்கு நீண்டும் மறுபாதி நீளாமலும் இருக்கலாம். அப்போது மின்தடை 4 மடங்காகாமல், 9இல் பாதியும் 1இல் பாதியும் சேர்ந்து 5 மடங்காகும். சீராக நீண்டது என்று நம்பிக் கணக்குப் போட்டால் கடத்துதிறன் 20 விழுக்காடு குறைந்துவிட்டது என்று தப்பாக முடிவெடுப்போம். இதைத் தவிர்க்க ஒரே வழி, இழுப்பதற்கு முன் படலத்தில் 1 மி.மீ. இடைவெளியில் கோடுகள் போட்டுவைத்து, இழுத்த பின் ஒவ்வொரு கட்டத்தின் நீளத்தையும் படம் எடுத்து அளப்பது. கவ்வி நகர்ந்த தூரத்தை வைத்து நீட்சியைச் சொல்லக் கூடாது.

வடிவத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான விளைவு. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, லித்தியம் இந்தப் பொருளில் எப்படி நகர்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒவ்வொரு லித்தியம் அயனியையும் ஐந்தாறு ஈதர் ஆக்ஸிஜன்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. சங்கிலித் துண்டு நெளிந்து ஒரு ஆக்ஸிஜன் விலக, இன்னொன்று வந்து பிடிக்க, அப்படித்தான் அயனி அடி எடுத்து வைக்கிறது. சங்கிலி நெளியாவிட்டால் அயனியும் நகராது. நெளிவு இருப்பது படிகமாகாத, உருவமற்ற பகுதியில். கடத்தல் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் நடக்கிறது என்பதை 1983இல் பெர்த்தியே என்ற ஆய்வாளரின் குழு அணுக்காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) அளவீடுகளால் காட்டியது. படிகத் தகடுகள் பெரும்பாலும் வழிமறிக்கும் சுவர்கள். எனவே இழுவை மூன்று விதத்தில் கடத்தலைத் தொடலாம்: உருவமற்ற பகுதியின் சங்கிலிகளைத் திசைப்படுத்தலாம், அவற்றின் நெளிவைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், சுவர்களை வேறு விதமாக அடுக்கலாம்.

முதலாவது மிகச் சிறியது, பலரும் எதிர்பார்ப்பதை விட மிக மிகச் சிறியது. ரப்பர் நெகிழ்ச்சிக் கோட்பாட்டின்படி, இரு முடிச்சுகளுக்கு (சங்கிலிகள் பிணையும் இடங்களுக்கு) இடையே 50 விறைப்புத் துண்டுகள் (வளையாத சிறு கோல்களாகக் கருதப்படும் பகுதிகள்) கொண்ட சங்கிலி வலையை 2 மடங்கு இழுத்தால் கிடைக்கும் திசையமைவு அளவீடு, நீட்சியின் வர்க்கத்திலிருந்து நீட்சியின் தலைகீழைக் கழித்து, அதை 5 பெருக்கல் 50ஆல் வகுத்தது. 3.5ஐ 250ஆல் வகுத்தால் 0.014. முழுமையாக நேரான சங்கிலிகளுக்கு இது 1. அதாவது கண்ணுக்கு இரண்டு மடங்கு நீண்ட படலத்தின் உள்ளே சங்கிலித் துண்டுகள் ஏறத்தாழ பழையபடி எல்லாத் திசையிலும்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குறுக்குப்பிணைப்புள்ள, முழுக்க உருவமற்ற மின்பகுளியை இழுத்து பெரிய கடத்துதிறன் ஏற்றம் கிடைத்தது என்று யாராவது சொன்னால், முதலில் தடிமனையும் ஈரப்பதத்தையும் பற்றிக் கேளுங்கள்.

நெளிவின் கதை இருபுறமும் வெட்டும். இழுவையில் பொருள் சற்றே விரிந்தால் சங்கிலிகளுக்கு இடையே வெற்றிடம் கூடும், நெளிவு எளிதாகும். அழுத்தம் கொடுத்தால் கடத்துதிறன் குறைவது இதன் மறுபக்கம். ஆனால் இரு படிகத் தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சங்கிலிகள் விறைத்து நின்றால் அவற்றின் நெளிவு அடங்கிப்போகும். நேரான சங்கிலிகள் எளிதில் படிகமாகவும் செய்யும். இழுவையால் தூண்டப்பட்ட படிகமாதல் கடத்தும் பகுதியின் பங்கையே குறைத்துவிடும். அதிகமாக இழுத்த படலத்தில் ஏற்றம் நின்று இறக்கம் தொடங்குவதற்கு இவை இரண்டும் காரணமாகலாம்.

மூன்றாவதில்தான் சரக்கு இருக்கிறது. இழுக்காத படலத்தில் படிகங்கள் ஸ்பெரூலைட் என்னும் உருண்டைகளாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு உருண்டையும் மையத்திலிருந்து விரியும் தகடுகளால் ஆனது. ஒரு தகட்டின் தடிமன் 10 நானோமீட்டர் அளவில் இருக்கும், உருண்டையின் விட்டமோ நூறு மைக்ரானைத் தாண்டக்கூடும். 100 மைக்ரான் படலத்தில் ஒரே உருண்டை மேலிருந்து கீழ்வரை நிறைத்து நிற்கலாம் என்று அர்த்தம். தகடுகளுக்கு இடையிலுள்ள உருவமற்ற சந்துகளில் அயனி சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. நெகிழ்வுப் புள்ளியை, அதாவது படலம் மீளாமல் நீளத் தொடங்கும் இடத்தை, தாண்டி இழுக்கும்போது உருண்டை நசுங்கி, தகடுகள் சாய்ந்து, சிறு கட்டிகளாக உடைந்து, இழுவைத் திசையில் நார்களாக அணிவகுக்கின்றன.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. தகட்டில் சங்கிலிகள் தகட்டின் தடிமன் திசையில் மடிந்து மடிந்து நிற்கின்றன. சங்கிலிகள் இழுவைத் திசைக்குத் திரும்பினால் தகடுகள் அதற்குக் குறுக்கே, சுவர் எழுப்பியது போல் நிற்க வேண்டும்; நீளவாக்கில் கடத்தல் குறைய வேண்டும். ஆனால் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் கோலோட்னிட்ஸ்கியும் பெலெட்டும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் லித்தியம் அயோடைடு சேர்த்த பாலிஎத்திலீன் ஆக்சைடு படலங்களை இழுத்து அளந்தபோது நீளவாக்கில் கடத்துதிறன் பல மடங்கு கூடியது. படலம் எவ்வளவுக்கு உருவமற்றதாக இருந்ததோ அவ்வளவுக்கு ஏற்றம் குறைவாக இருந்தது என்பதும் அவர்கள் கண்டதே. மேலே சொன்ன 0.014 கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது. சங்கிலிகள் 7 அலகுக்கு 2 சுற்று என்ற சுருளாக நேராகும்போது அந்தச் சுருளின் அச்சு வழியே லித்தியம் விரைவாகப் போகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2001இல் வேதியியலாளர் பீட்டர் புரூஸின் குழு, 6:1 விகிதத்தில் லித்தியம் ஹெக்சாஃபுளோரோஆன்டிமொனேட் சேர்ந்த படிகம், அதே கலவையின் உருவமற்ற வடிவத்தைவிட நன்றாகக் கடத்துவதைக் காட்டியது. சங்கிலிகள் சுற்றி அமைத்த குழாய்க்குள் லித்தியம், வெளியே எதிர் அயனி (உப்பின் எதிர்மின் அயனி) என்ற அமைப்பு அது. ஆக, ஒழுங்கு என்றாலே தடை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் 20:1 படலத்தில் பெரும்பகுதிப் படிகம் உப்பே இல்லாத வெறும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. அதனுள் லித்தியம் ஓடுவதாகக் கொள்வதைவிட, தகடுகள் உடைந்து நார்களுக்கு இடையே நீளவாக்கில் நேரான சந்துகள் திறந்தன என்று கொள்வதே அங்கே பொருத்தமாகப் படுகிறது.

ஹூஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016இல், இழுக்கும்போதே அளந்து, படலத்தின் தளத்திலும் தடிமன் திசையிலும் கடத்துதிறன் நீட்சியோடு ஏறத்தாழ ஒரே வீதத்தில் ஏறுவதாகக் கண்டது. திசைப்படுத்தல் மட்டுமே காரணம் என்றால் இரண்டு திசையும் ஒன்றாக ஏற முடியாது. ஒன்று ஏறினால் மற்றது தேங்கவோ இறங்கவோ வேண்டும். எனவே அங்கே திசை சாராத ஏதோ ஒன்று, பெரிய உருண்டைகள் உடைந்து நுணுகுவது போன்ற ஒன்று, முதன்மையாக வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாகத் தோன்றுவது இதனால்தான். உப்பு வேறு, படிக அளவு வேறு, நீட்சியின் எல்லை வேறு.

பேட்டரிக்கு இதில் ஒரு சங்கடமான சேதி உண்டு. தட்டையான கலத்தில் அயனி போக வேண்டியது தடிமன் வழியே. நாம் இழுப்பதோ தளத்தில். நீளவாக்கில் எத்தனை மடங்கு ஏற்றம் கிடைத்தாலும் அது மின்முனைக்கு இணையான திசையில் வீணாகக் கிடக்கிறது. இரு திசையிலும் இழுத்தால் சங்கிலிகள் தளத்தில் இன்னும் படுத்துவிடும். தடிமன் திசையில் ஒழுங்கைக் கொண்டுவர வேண்டுமானால் இழுவையை விட்டுவிட்டு வேறு வழி தேட வேண்டும். காந்தப்புலத்தில் காந்தத் துகள்களோடு வார்ப்பது அப்படி முயலப்பட்ட ஒரு வழி. இழுவையால் கலத்துக்கு நேரடியாகக் கிடைக்கும் ஆதாயம் படலம் மெலிவதுதான். மெலிந்தால் மின்தடை குறையும், கூடவே இரு மின்முனைகளும் தொட்டுக் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஆகும் அபாயமும் ஏறும்.

இனி செய்முறை. 1 கிராம் பாலிஎத்திலீன் ஆக்சைடில் 22.7 மில்லிமோல் அலகுகள் இருக்கின்றன, 20:1க்கு 1.135 மில்லிமோல் உப்பு, அதாவது 0.326 கிராம். பாலிமரை 50 டிகிரி செல்சியஸில் வெற்றிடத்தில் ஒரு நாளாவது உலர்த்துங்கள். அது 65 டிகிரியை ஒட்டி உருகும் என்பதால் அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் பொடி கட்டியாகிவிடும். உப்பை 120 டிகிரியில் வெற்றிடத்தில் ஒரு நாள். மூலக்கூறு எடை 6 லட்சத்துக்குக் குறைய வேண்டாம். 1 லட்சம் என்றால் 2 மடங்கு வருமுன் கிழிந்துவிடும். 25 மி.லி. நீரற்ற அசிட்டோநைட்ரைலில் கரைத்து, இரவு முழுக்கக் கலக்கி, 10 செ.மீ. சதுர டெஃப்லான் தட்டில் ஊற்றினால் உலர்ந்த பின் 100 மைக்ரானுக்குப் பக்கத்தில் நிற்கும். 40 லட்சம் மூலக்கூறு எடை என்றால் இந்த அளவில் கரைசல் தேன்போல் கனத்துக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கரைப்பானை இரட்டிப்பாக்குங்கள். அசிட்டோநைட்ரைல் நச்சு, எளிதில் தீப்பற்றும். ஆவிப்போக்கியின் கீழேயே வேலை நடக்க வேண்டும். மெதுவாக ஆவியாக விட்டு, 50 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்தி, கடைசியாக 90 டிகிரியில் இரண்டு டெஃப்லான் தாள்களுக்கு இடையே அழுத்தினால் ஊசித்துளைகள் மூடும்.

அழுத்திய படலத்தை அன்றே இழுக்காதீர்கள். இந்த உப்பு படிகமாதலைத் தாமதப்படுத்தும். உருகிக் குளிர்ந்த படலம் நாட்கணக்கில் படிகமாகிக்கொண்டே இருக்கும், கடத்துதிறன் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். 25 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, அடுத்தடுத்த இரண்டு நாள் அளவீடும் ஒத்துப்போன பிறகே தொடங்குங்கள். உப்பு கூடி 12:1க்கும் 6:1க்கும் இடையே போனால் படிகமே உருவாகாமல் போகலாம். இழுவையின் விளைவை எதிர்பார்க்க முடியாத கலவை அது, ஆனால் ஒப்பீட்டுக்கு மிக நல்ல மாதிரி.

இழுப்பதை 40 முதல் 50 டிகிரியில், நிமிடத்துக்குச் சில விழுக்காடு வேகத்தில் செய்தால் கழுத்து கூர்மையாக விழாமல் பரவலாக நீளும். வேகமாகவும் குளிரிலும் இழுத்தால் படலம் வெளுக்கும். வெளுப்பு என்றால் உள்ளே நுண்துளைகள். கன அளவு மாறவில்லை என்ற அனுமானம் அங்கே உடைந்துபோகிறது. பீங்கான் துகள் சேர்த்த படலங்களில் பாலிமர் துகளிலிருந்து உரிந்து இது சீக்கிரமே நடக்கும். தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்தால் மிருதுவான படலம் நசுங்கிக் குறைத்துக் காட்டும். அளவான துண்டு வெட்டி, எடை போட்டு, பரப்பாலும் அடர்த்தியாலும் வகுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வெளுக்காத படலத்தில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இவை அனைத்தும் ஈரப்பதம் 1 பி.பி.எம்.க்குக் கீழே உள்ள குளோவ் பாக்ஸுக்குள். இந்த உப்பு தண்ணீரை ஆவலோடு இழுக்கும். தண்ணீர் சங்கிலிகளை இளக்கி, கடத்துதிறனை மடங்குக் கணக்கில் ஏற்றும். இழுத்த மெல்லிய படலத்துக்குப் பரப்பு அதிகம், தடிமன் குறைவு. திறந்த வெளியில் அது இழுக்காத படலத்தைவிட வேகமாக நனையும். இழுவையால் ஏறியது என்று தோன்றும் ஏற்றத்துக்குத் தடிமன் தவறுக்கு அடுத்த காரணம் இதுதான்.

மாறுமின்னழுத்தம் கொடுத்து, அதன் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே மின்தடையை அளந்து வரைபடமாக்கும் மின்மறுப்பு அளவீட்டில் இரு திசைகளும் வெவ்வேறு சிக்கல் தரும். கடத்துதிறன் செ.மீ.க்கு 10⁻⁵ சீமென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர செ.மீ. மின்முனைக்கு 100 மைக்ரான் தடிமன் வழியே மின்தடை 1000 ஓம். அதே படலத்தில் 1 செ.மீ. அகலம், 2 மி.மீ. இடைவெளி வைத்துத் தளத்தில் அளந்தால் 20 லட்சம் ஓம். அந்த நிலையில் 10 பிகோஃபாரட் கேபிள் மின்தேக்குதிறனே 8 கிலோஹெர்ட்ஸில் ஓர் அரைவட்டத்தை வரைந்துவிடும். அதைப் படலத்தின் இயல்பு என்று எண்ணிவிடாதீர்கள். அரைவட்டத்தின் அகலம் மின்தடையாகச் சரியே, ஆனால் அதன் அதிர்வெண் உச்சத்திலிருந்து எதையும் கணிக்கக் கூடாது. 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 ஹெர்ட்ஸ் வரை, 20 மில்லிவோல்ட் போதும். தடிமன் திசையில் இதற்கு எதிரான கவலை: இழுத்த படலத்தின் மேடு பள்ளம் தட்டையாகி மின்முனை நன்றாகத் தொட ஆரம்பிக்கும், அதுவே ஏற்றம் போலத் தெரியும். இரு பக்கமும் தங்கம் படியவைத்து அளந்தால் இந்தச் சந்தேகம் தீரும். அல்லது அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி மின்தடை மாறாத எல்லையில் அளக்க வேண்டும்.

இழுத்து நிறுத்திய படலம் சும்மா இருப்பதில்லை. முதல் பத்து நிமிடத்தில் தகைவு (படலத்தின் உள்ளே நிற்கும் இழுவிசை) வேகமாக விழும், பிறகு மெல்ல. 10 நிமிடம், 1 மணி, 1 நாள், 1 வாரம் என்று அளந்து, நேரத்தையும் சேர்த்து எழுதினால்தான் வேறொருவர் திரும்பச் செய்ய முடியும். படிக அளவை வெப்ப அளவீட்டில் கணிக்கும்போது உருகும் வெப்பத்தைப் பாலிமரின் பங்கால் வகுக்க மறக்க வேண்டாம். 20:1 படலத்தில் பாலிமர் எடையில் 75 விழுக்காடுதான்.

கடத்துதிறன் ஏறினாலும் ஏறியது லித்தியமா, எதிர் அயனியா என்பது தனிக் கேள்வி. இந்த மின்பகுளிகளில் மின்னோட்டத்தில் லித்தியத்தின் பங்கு பெரும்பாலும் மூன்றில் ஒன்றுக்கும் கீழே. திறந்த சந்துகளில் லித்தியத்தைவிடத் தளர்வாக அலையும் எதிர் அயனிக்கே அதிக வசதி கிடைத்தால் பேட்டரிக்கு இலாபமில்லை. தடிமன் திசையில் இரு பக்கமும் லித்தியம் வைத்து 10 மில்லிவோல்ட் கொடுத்து, தொடக்க மின்னோட்டத்தையும் நிலைத்த மின்னோட்டத்தையும், இடைமுக மின்தடைத் திருத்தத்தோடு ஒப்பிடும் புரூஸ்–வின்சென்ட் முறை போதும். நீளவாக்கில் அது கடினம். அங்கே படலத் துண்டுகளை ஒரே திசையில் அடுக்கி, புலச்சரிவு அணுக்காந்த ஒத்ததிர்வில் (காந்தப்புலத்தைச் சரிவாக வைத்து அயனிகளின் நகர்வை அளக்கும் முறையில்) லித்தியம்-7, ஃபுளோரின்-19 இரண்டின் விரவலையும் தனித்தனியே, அடுக்கை 90 டிகிரி திருப்பியும் அளப்பது மேல்.

இப்போது கையில் இருக்கும் படலத்துக்கு: கோட்டுக் கட்டங்களையும் எடை வழித் தடிமனையும் வைத்து இரு திசைக் கடத்துதிறனையும் மறுபடி கணக்கிடுங்கள். தந்த எண்கள்படி இரண்டும் இழுப்பதற்கு முந்தைய மதிப்பிலேயே நிற்கும். அறை வெப்பநிலையில் 20:1 படலத்தில் படிகம் நிச்சயம் இருக்கும் என்பதால், விளைவே இல்லை என்பதும் சற்று வியப்புக்குரியதுதான். படலம் போதுமான நாள் ஓய்வெடுக்காமல், இன்னும் உருவமற்றதாக இருந்தபோதே இழுக்கப்பட்டிருக்கலாம். ஒரு வாரம் வைத்து மறுபடி இழுங்கள். அப்போது ஏற்றம் தெரிந்தால், கவ்விய நிலையிலேயே டெஃப்லான் தட்டின் மேல் கிடத்தி 80 டிகிரியில் ஒரு மணி நேரம் உருக்கி, குளிர்வித்து, முதலில் வைத்த அதே ஒரு வாரம் வைத்து, தடிமனைப் புதிதாக அளந்து, கடத்துதிறனைப் பாருங்கள். ஏற்றம் மறைந்தால் அது படிக அமைப்பால் வந்தது. மறையாமல் நின்றால் தண்ணீரையோ, மிஞ்சிய கரைப்பானையோ, தடிமன் கணக்கையோ தேட வேண்டும்.